மறு: ஜி.சி.டபிள்யூ.ஆர்.: தமிழில் எப்படிச் சொல்வது?

ந. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பெட்ரோல் மோட்டார்ஹோம்களில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளில்) கார் கட்டி இழுப்பவர்களுக்காக, எஞ்சின் திறனைக் கூட்டும் கையேடு ஒன்று தமிழாகிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். (அங்கே ‘கேஸ்’ என்றாலே பெட்ரோல்தான். நம்மவர் சிலிண்டரை நினைப்பார்கள் என்பதால் முழுக்க மாற்றிவிட்டேன்.) டார்க்குக்கு முறுக்குவிசை, ஆக்ஸில் ரேஷியோவுக்கு (சக்கரம் ஒரு முறை சுற்ற உந்துதண்டு எத்தனை முறை சுற்றும் என்பதற்கு) அச்சு விகிதம், இவற்றில் தகராறு இல்லை. இடிப்பது ஜி.சி.டபிள்யூ.ஆர். (கிராஸ் கம்பைன்ட் வெயிட் ரேட்டிங்). வண்டி, தண்ணீர், எரிபொருள், ஆட்கள், சாமான், பின்னால் வரும் கார், எல்லாம் சேர்ந்து தாண்டக் கூடாத எடை அது. வரைவில் ‘மொத்த இணைப்பு எடை மதிப்பீடு’ என்று இருக்கிறது. படித்தால் இணைப்புக் கொக்கியின் எடை போலத் தோன்றுகிறது.

செ. எழுதியது:

‘மதிப்பீடு’ கட்டாயம் போக வேண்டும். மதிப்பிடுகிற எண் அல்ல, மீறக் கூடாத எண். ‘வரம்பு’ என்று போடுங்கள். மோட்டார்ஹோம்களுக்கு அடித்தளமாகும் ஃபோர்டு எஃப்53 சேஸிஸில் பரவலாக உள்ள ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். வண்டிக்கு மட்டும் வரம்பு 22,000 பவுண்டு, இழுப்பதையும் சேர்த்தால் 26,000. கொக்கியில் 5,000 என்று பொறித்திருக்கும். வண்டியை 22,000 வரை நிரப்பினால் மிச்சம் 4,000தான். கொக்கி எண்ணை நம்பி 5,000 பவுண்டு காரை மாட்டியவர் அப்போதே வரம்பை மீறிவிட்டார். சொல்லைப் பார்த்ததும் இந்தக் கணக்கு புரிய வேண்டும். என் முன்மொழிவு: இழுஎடை வரம்பு.

இ. எழுதியது:

‘இழுஎடை’ என்று விட்டிசைக்க விடலாமா? ‘ழு’வில் இருப்பது முற்றியலுகரம், வகர உடம்படுமெய் பெற்று ‘இழுவெடை’ என்றே புணரும். ஆனால் பொருளே பொருந்தவில்லை. இழுக்கப்படுவதன் எடை மட்டும் என்றாகிவிடும்.

பழைய வழி இருக்கிறது. புறநானூறு 102இல் ஔவையார், ‘எருதே இளைய நுகமுணராவே, சகடம் பண்டம் பெரிதுபெய் தன்றே, அவலிழியினும் மிசையேறினும்’ என்கிறார். பழகாத எருது, மிகுபாரம், பள்ளம், மேடு, நான்கும் அங்கேயே இருக்கின்றன. ‘சகடப்பெய் வரம்பு’ என்று ஏன் ஆளக் கூடாது? மேட்டில் ஏறும் திறனுக்கு ‘மிசையேற்றம்’ கிடைக்கிறது. அதே பாட்டில் உமணர் (உப்பு வணிகர்) கட்டிய ‘சேம அச்சு’ உதிரி அச்சுக்கு ஆகும்.

செ. எழுதியது:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு ‘சகடப்பெய்’ விளங்காது. ‘மிசையேற்றம்’ அழகாக இருக்கிறது, அதை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கு. எழுதியது:

பொறியியல் பக்கத்திலிருந்து ஒன்று. கையேட்டைப் படிப்பவர் செய்யும் பெரிய பிழை, எஞ்சின் திறன் ஏறினால் இந்த வரம்பும் ஏறும் என்று நினைப்பது. ஏறாது. சட்டகம், அச்சு, பிரேக், கியர்பாக்ஸ், குளிரூட்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த எண் அது.

4.88 அச்சு விகிதத்தை 5.38 ஆக்கினால் சக்கரத்தில் இழுவிசை பத்து விழுக்காடு கூடும். அதே வேகத்தில் எஞ்சின் சுற்றும் பத்து விழுக்காடு கூடும், ஸ்பீடோமீட்டரைத் திருத்த வேண்டும். வரம்பு அப்படியே நிற்கும். கணினி டியூன் போட்டு (எஞ்சின் கணினியின் நிரலை மாற்றி) இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, முன்னுக்குத் தள்ளினால் உயர் ஆக்டேன் பெட்ரோல் வேண்டும், இல்லாவிட்டால் மேட்டில் பாரத்தோடு நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக எரிந்து எஞ்சின் தட்டுவது) தொடங்கும். அப்போதும் வரம்பு மாறாது.

மலைக்கணக்கும் உண்டு. டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடிக்குச் சுமார் 3 விழுக்காடு திறன் இழக்கும். 362 குதிரைத்திறன் கொண்ட 6.8 லிட்டர் வி10 (எஃப்53இல் வந்த பத்து சிலிண்டர் எஞ்சின்), கொலராடோவின் ஐ-70 சாலையில் 11,000 அடிக்கு மேலுள்ள ஐசன்ஹோவர் சுரங்கத்தை எட்டும்போது 240 சொச்சம்தான் தரும். டியூனில் வருவதை மலை விழுங்கிவிடும்.

ஆகவே முதல் அத்தியாயம் இழந்த திறனை மீட்பதாக இருக்கட்டும்: காற்று வடிகட்டி, பத்து ஸ்பார்க் பிளக், பத்துக் காயில், எரிபொருள் அழுத்தம். வி10இல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாயின்) ஸ்டட், அதாவது பிடிப்பு ஆணி, முறியும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் அங்கே கசிகிறது என்று சந்தேகிக்கலாம். அதைச் சரிசெய்யாமல் டியூன் வாங்குவது வீண்.

சொல்லுக்கு வருகிறேன்: ‘கூட்டெடை வரம்பு’.

வி. எழுதியது:

‘எடையைக் கூட்டு’ என்று ஏவுவது போல ஒலிக்கிறதே? அதைவிட, பவுண்டிலும் கிலோவிலும் சொல்வது நிறை. எடை நியூட்டனில் வருவது. பள்ளிப் பாடநூலே பிரித்துச் சொல்லும்போது நாம் குழப்பலாமா? ‘கூட்டுநிறை வரம்பு’.

கு. எழுதியது:

கூட்டு வட்டி, கூட்டுத்தொகை என்பவற்றை யாரும் ஏவலாகப் படிப்பதில்லை. நிறை இயற்பியல்படி சரி. ஆனால் லாரி நிற்கும் இடத்துக்கு எடை மேடை என்றுதான் பெயர். இந்த எண்ணைச் சரிபார்க்க ஒரே வழி, நீர்த்தொட்டியை நிரப்பி, காரையும் கட்டி, மேடையில் ஏற்றிப் பார்ப்பதுதான்.

ந. எழுதியது:

நேரமில்லை. ‘கூட்டெடை வரம்பு’ என்றும், வண்டிக்கு மட்டும் உரியதற்கு ‘வண்டியெடை வரம்பு’ என்றும் போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ஜி.சி.டபிள்யூ.ஆர். என்றும் சேர்க்கிறேன், வண்டியோடு வரும் குறிப்புகளில் ஆங்கில எழுத்துகள்தானே இருக்கும். மேடு ஏறும் அத்தியாயத்துக்கு ‘மிசையேற்றம்’ தலைப்பு. இ. ஐயாவுக்கு நன்றி.

வி. எழுதியது:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அட்டவணைத் தலைப்பிலாவது ‘நிறை’ வரட்டும். மேனிஃபோல்டுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘பன்மடி’ என்றால் அதையும் ஏற்க மாட்டேன்.