போர்க்கால ஜீப்புக்கு மடக்கு ஹூட்: வாங்கியதும் செய்ததும்

கோட்டாறு வில்லிஸ்:

பழைய மிலிட்டரி ஜீப்புக்கு ஹூட் கம்பி, அதாவது கேன்வாஸ் கூரையைத் தாங்கும் மடக்குச் சட்டம், எங்கே கிடைக்கும் என்று நம்ம குழுவில் அடிக்கடி கேட்கிறார்கள். என் வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி (MB) ஜீப். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஷீட்டும் ஆளும் சுமந்த வண்டி. நம்ம மலையோரத் தோட்டங்களில் ஓடிய பல ஜீப்புகளைப் போல இதிலும் மடக்குக் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜிஐ பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒரு கூண்டு செய்து பாடியோடு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தார்கள். தோட்ட வேலைக்கு அது போதும். ஆனால் எம்பியில் முன்கண்ணாடிச் சட்டம் பானெட் மேல் சாயும், கூரை பின்னால் மடங்கும். எதிரி கண்ணில் படாமல் தாழ்ந்து நிற்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். அந்த வண்டியின் அழகே அதில்தான் இருக்கிறது. கூண்டை அறுத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் வடக்கே ஒரு கடையிலிருந்து ரெடிமேடாக வரவழைத்தேன். எம்பிக்கு உரியது என்று உறுதி சொல்லித்தான் அனுப்பினார்கள். பார்சல் லாரியில் வரும்போதே ஒரு வில் (கூரையைத் தாங்கும் வளைந்த கம்பி) அமுங்கிவிட்டது. அதை நிமிர்த்திக்கொள்ளலாம், ஆனால் வந்தது பிற்காலத்து சிவிலியன் ஜீப்பான சிஜே-3பிக்கு உரிய கம்பி! இரண்டு வண்டிக்கும் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 80 அங்குலம்தான். அதை வைத்துக்கொண்டு "எல்லா ஜீப்புக்கும் சேரும்" என்று விற்றுவிடுகிறார்கள். 3பியில் எஃப்-ஹெட் என்ற உயரமான எஞ்சினுக்காக பானெட்டையும் அதன் பின்னாலுள்ள தகட்டையும் தூக்கியிருப்பார்கள், கண்ணாடிச் சட்டமே வேறு. அந்தக் கம்பியை மாட்டினால் கேன்வாஸ் எங்கே வந்து உட்காரும்? போன் செய்தால் எடுக்கவில்லை. வாங்குகிறவர்கள் காசு அனுப்புவதற்கு முன்னால், கம்பியைத் தரையில் வைத்து டேப் பிடித்த போட்டோ கேளுங்கள். அனுப்ப மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் நாகர்கோவிலிலேயே, பந்தல் சாமான்களுக்குப் பைப் வளைக்கிற பட்டறை ஒன்றில் பேசினேன். மேஸ்திரிக்கு எழுபது வயது இருக்கும். "அண்ணாச்சி, பழைய கம்பி ஒரு துண்டாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை. ஆனால் பாடியின் பின்பக்கத்துப் பெயின்டைச் சுரண்டியபோது, கம்பி சுழலும் பிராக்கெட் இருந்த இடத்தில் துளைகளை ஈயம் வைத்து அடைத்திருந்தது தெரிந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டால் சுழலும் மையம் கிடைத்துவிடும். அந்த மையம் இரண்டு நூல் (கால் அங்குலம்) விலகினாலும் கம்பி மடங்கும்போது பாடியில் இடிக்கும், அல்லது நிமிர்த்தினால் கோணலாக நிற்கும். எல்லா அளவையும் அங்கிருந்து தொடங்குங்கள்.

சிமென்ட் தரையில் சாக்குக்கட்டியால் முழு அளவில் படம் வரைந்தோம். வில்லில் பாதியை மட்டும் கெட்டித் தாளில் வெட்டி, திருப்பிப் போட்டு மறுபாதி. இப்படிச் செய்தால் இரண்டு தோளும் ஒன்றுபோல இருக்கும். மேல்வளைவு தட்டையாகப் போகக் கூடாது, நடுவில் சற்றே எழும்பி இருக்க வேண்டும். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தட்டைக் கூரையில் தண்ணீர் குளம் கட்டி, கேன்வாஸ் தொய்ந்து, தையல் விட்டுப்போகும்.

பைப் வாங்கும்போது ஒரு விஷயம். ஜிஐ பைப்புக்குச் சொல்லும் அளவு உள்துவாரத்தை ஒட்டியது. ஒரு இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 33 மில்லிமீட்டரைத் தாண்டும். ட்யூப் என்று கேட்டால் வெளிவிட்டமே அளவு, ஒரு இஞ்ச் என்றால் 25.4தான். விட்டம் அளக்கிற வெர்னியர் கையோடு கொண்டுபோங்கள். ஜிஐ வேண்டாம் என்று மேஸ்திரி முதலிலேயே சொல்லிவிட்டார். வெல்டிங் வைக்கும்போது எரிகிற துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். துத்தநாகம் பூசாத கறுப்பு ட்யூப் எடுத்தோம்.

வளைக்கும்போது ட்யூபின் நீளவாக்குத் தையல் (தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த கோடு) வளைவின் உள்பக்கமும் வராமல், வெளிப்பக்கமும் வராமல், பக்கவாட்டில் இருக்க வேண்டும். வெளியே வந்தால் இழுபட்டு வாய் பிளக்கும். உள்ளே மணல் நிரப்பி இரு முனையிலும் மரக்கட்டை அடித்தார். அந்த மணலை முதல் நாளே வெயிலில் போட்டு, சட்டியிலும் வறுத்து எடுத்திருந்தார். ஈர மணல் உள்ள பைப்பைச் சூடாக்கினால் நீராவி கட்டையை வெடியாய்த் தள்ளும், எதிரே நிற்பவன் கதி அவ்வளவுதான். இரும்பு கொஞ்சம் நிமிரும் என்பதால் படத்தைவிடச் சற்று அதிகமாகவே வளைத்தார். எவ்வளவு அதிகம் என்பது அவர் கைக்குத் தெரியும். எனக்கு இன்றும் அது பிடிபடவில்லை.

தக்கலை ஜோங்கா:

அண்ணன் எழுதியது முழுக்க சரி. நான் பட்டாளத்தில் டிரைவராக இருந்தவன். ஜபல்பூர் ராணுவ வண்டித் தொழிற்சாலையில் வந்த ஜோங்கா ஜீப், சக்திமான் லாரி இரண்டும் ஓட்டியிருக்கிறேன். லாரிக்கு வில் செய்வது எளிது, பக்கப்பலகையில் உள்ள குழியில் இறக்கிவிட்டால் தீர்ந்தது. அமெரிக்காவின் பழைய ஜிஎம்சி லாரிகளில் மரத்தை வளைத்தே வில் செய்திருக்கிறார்கள். ஜீப்புக்கு மடக்கு வேண்டும், அங்கேதான் சிக்கல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021-ல் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். பாடியோடு கூண்டை வெல்டிங் வைத்தவர்கள் விண்ணப்பம் போடும் முன் இதை யோசிக்க வேண்டும். போல்ட்டில் கழற்றி மாட்டுகிற கம்பிக்கு அந்தப் பயம் இல்லை.

முட்டம் சிஜே:

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கம்பி வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துவிடுகிறது. என் சிஜே-3பியின் பின் வில் அப்படித்தான் ஒரு நாள் கையோடு வந்தது. புதிதாகச் செய்தபோது கீழ்முனைகளில் சின்ன வடிகால் துளை போடச் சொன்னேன், உள்ளே துருத்தடுப்பு எண்ணெயும் ஊற்றினேன். வெளியே துத்தநாக பிரைமர், அதன் மேல் பெயின்ட். ஸ்டெயின்லஸ் போடலாமே என்று பலர் சொன்னார்கள். அது வளைத்த பிறகு இன்னும் அதிகமாக நிமிரும், பெயின்டும் சரியாகப் பிடிக்காது. பழைய வண்டியில் பளிச்சென்று கண்ணை உறுத்தவும் செய்யும்.

தயவுசெய்து கம்பி முடியும் முன் கேன்வாஸ் தைக்கக் கொடுக்காதீர்கள். மார்த்தாண்டத்தில் எனக்குத் தைத்த குஷன் கடைக்காரர், கம்பி மாட்டிய வண்டியைக் கொண்டுவந்தால்தான் கத்திரியைத் தொடுவேன் என்றார். பருத்திக் கேன்வாஸ் முதல் மழையில் சுருங்கும், அதற்கு விட்டுத் தைக்க வேண்டும். வில்லின் மேல் வார்த்துணி (கெட்டி நாடா) சுற்றினால் கேன்வாஸ் தேயாது.

தைத்து முடித்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு ஓட்டிப் போனேன். காற்றாலைக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது கம்பி ஆடினால் பிராக்கெட் சரியில்லை என்று அர்த்தம். என்னுடையதில் இடது பக்கம் மட்டும் கடகடத்தது. பிராக்கெட்டுக்கு உள்பக்கம் ஒரு தகடு வைத்து போல்ட்டை முறுக்கியதும் நின்றது.

கோட்டாறு வில்லிஸ்:

அந்த உள்தகடு எம்பிக்கும் அவசியம். பாடித் தகடு மெலிசு, வெறும் வாஷர் போட்டால் நாளடைவில் கிழிந்துவிடும். நானும் தகடுதான் வைத்திருக்கிறேன்.

எம்பி, அதே வடிவில் ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ வைத்திருப்பவர்களுக்கு: பாதி வில் வெட்டிய தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நகல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பாடியின் அகலத்தையும் துளைகளையும் அளந்துவிட்டு வாருங்கள். பல வண்டிகளின் பின்பாடி பிற்பாடு உள்ளூரில் தகடு அடித்துச் செய்தது, என் தாளுக்கு ஒத்துவராது.