கொல்லாமல் திமிங்கிலத்திடமிருந்து எதையெல்லாம் அறியலாம்?

நீலக்கோடு:
1982-ல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த முடிவெடுத்த பிறகும், ஆராய்ச்சிக்காகப் பிடிக்க இடம் தரும் 1946 திமிங்கில வேட்டை ஒப்பந்தத்தின் 8-ஆம் பிரிவைக் காட்டி ஜப்பான் தென்கடலில் (அண்டார்டிகாவைச் சுற்றிய கடல்) மிங்கி என்ற சிறிய வகைத் திமிங்கிலங்களை "ஆராய்ச்சிக்காக" பிடித்தது. இரை, கர்ப்பம், வயது மூன்றையும் அறிய உடலை அறுத்தே ஆகவேண்டும் என்றார்கள். உயிருள்ள திமிங்கிலத்திடமிருந்து இவற்றில் எது கிடைக்கும்? மாதிரி எடுப்பதில் எங்கே சொதப்பும்?

ஆழ்கலம்:
இரை, கர்ப்பம் இரண்டும் தோல்-கொழுப்புத் துண்டிலேயே கிடைத்துவிடும். குறுக்குவில்லில் விடும் அம்பின் முனை ஒரு சின்ன எஃகுக் குழல். உள்ளே இருக்கும் முட்கள் சதையைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் உள்ள தடுப்பு, முனை ஆழமாகப் போகாமல் நிறுத்தும். முதுகுத் துடுப்பை ஒட்டிய விலாவைக் குறிபார்க்க வேண்டும். அம்பு பட்டுத் தெறித்து மிதக்கும், வலையால் அள்ளிக்கொள்ளலாம். தோலிலிருந்து பாலினமும் தனி விலங்கின் மரபணு அடையாளமும், கொழுப்பிலுள்ள புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவிலிருந்து கர்ப்பமும் தெரியும். தோலின் நைட்ரஜன், கார்பன் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அண்மைக் கால இரையைக் காட்டும்.

சொதப்பல் பெரும்பாலும் படகிலேயே ஆரம்பிக்கும். அம்பு சாய்வாகப் பட்டால் வெறும் தோல்தான் வரும். ஹார்மோன் சோதனைக்குக் கொழுப்பு இருக்காது. முனையைச் சுத்தம் செய்யாமல் அடுத்த விலங்குக்கு விட்டால் டி.என்.ஏ. கலந்துவிடும். மரபணுவுக்கான தோலை எத்தனாலில் போடலாம். ஆனால் மாசு வேதிப்பொருள் பார்க்கும் கொழுப்பைப் பிளாஸ்டிக் குப்பியில் வைக்கவே கூடாது, பிளாஸ்டிக்கில் உள்ளதே அதில் ஏறிவிடும். அலுமினியத் தாளில் சுற்றி உறையவைக்கணும். ஐசோடோப்புக்கு முன் தோலிலுள்ள கொழுப்பை நீக்காவிட்டால் கார்பன் அளவு பொய்யாகக் குறையும்.

செவிமடல்:
மேலே சொன்னதோடு ஒன்று: அம்பு எட்டுவது கொழுப்பின் வெளி அடுக்கை மட்டும்தான். உள் அடுக்கின் கொழுப்பு அமிலங்கள் வேறு மாதிரி இருக்கும் என்பதால், அதை வைத்து முழு உணவுப் பட்டியல் போட்டுவிடக் கூடாது.

வயதில்தான் வேட்டைக்காரர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. பலீன் திமிங்கிலத்தின் (பல்லுக்குப் பதில் இரையைச் சலிக்கும் தகடுள்ள வகை, மிங்கியும் இதில் ஒன்று) காதுக்குறும்பி மர வளையம் போல அடுக்கடுக்காகச் சேரும், எண்ணினால் வயது. ஆனால் செத்த உடலிலிருந்துதான் எடுக்க முடியும். மாற்றுவழி, தோல் டி.என்.ஏ.யில் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் வயதோடு மாறுவதை அளப்பது. கூன்முதுகுத் திமிங்கிலத்தில் இது சுமார் 3 ஆண்டு பிழையோடு வயதைச் சொல்கிறது. குட்டியிலிருந்தே வால் படத்தால் அடையாளம் கண்ட, வயது தெரிந்த விலங்குகளை வைத்துத்தான் அந்த அளவுகோலைச் சரிபார்த்தார்கள். மிங்கி வாலைத் தூக்கிக் காட்டாது. அதற்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது.

கரைக்கல்:
அறிவியல் அடிப்படையில் பார்த்தாலும் இலக்கு எண்ணே இடித்தது. ஜப்பானின் தென்கடல் ஆராய்ச்சி வேட்டையான ஜார்பா-2 திட்டத்தில் இலக்கு, ஆண்டுக்குச் சுமார் 850 மிங்கி, 50 துடுப்புத் திமிங்கிலம், 50 கூன்முதுகு. பல இனங்கள் இரைக்காகப் போட்டியிடுவதை மாதிரியாக்குவது நோக்கம் என்றார்கள். முதல் ஏழு பருவங்களில் கிடைத்த துடுப்புத் திமிங்கிலம் 18, கூன்முதுகு பூஜ்ஜியம். மூன்று இனத்தில் ஒன்று இல்லவே இல்லை, ஆனால் திட்டம் மட்டும் மாறவில்லை! 2014 மார்ச் 31-ல் சர்வதேச நீதிமன்றம் 12-க்கு 4 என்று ஜப்பானுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, செய்தது ஆராய்ச்சியே இல்லை என்று சொல்லவில்லை. நோக்கத்துக்கும் கொல்லும் எண்ணிக்கைக்கும் பொருத்தமில்லை என்றது. 2019 ஜூன் 30-ல் ஆணையத்தை விட்டு விலகிய ஜப்பான் ஜூலையில் தன் கடற்பரப்பிலேயே வணிக வேட்டையைத் தொடங்கிவிட்டது.

ஆழ்கலம்:
கடலின் நலத்தைப் பார்க்க மலத்தையும் அள்ளுங்கள். கிரில் என்ற சின்ன இறால் போன்ற உயிரியைத் தின்ற திமிங்கிலத்தின் மலம் செம்மஞ்சளாக மிதக்கும், சீக்கிரம் கரைந்துவிடும். தென்கடல் நீரைவிட அதில் இரும்பு குறைந்தது ஒரு கோடி மடங்கு செறிவு. நுண்பாசிகளுக்கு அங்கே தட்டுப்பாடே இரும்புதான். அளக்கும்போது இரும்பு வளையம் போட்ட வலையோ துருப்பிடித்த வாளியோ வேண்டாம். படகின் பின்புறமும் வேண்டாம், காற்று வரும் திசையில் முன்பக்கமாக நின்று எடுங்கள்.