இரண்டு தோழிகள், இரண்டு வாரம், ஆளுக்கு 900 யூரோ: ஐரோப்பாவில் எந்த ஊர்களுக்குப் போகலாம்?

பொன்வண்டு:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் கல்லூரித் தோழியும் வரும் மே மாதம் இரண்டு வாரம் ஐரோப்பா போவதாக முடிவு செய்திருக்கிறோம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மாதாமாதம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். விமானம், விசா, காப்பீடு போக ஆளுக்கு 900 யூரோ கையில் நிற்கும். அதற்கு மேல் எங்களால் முடியாது, வீட்டில் கேட்கவும் மனசில்லை.

முதுகில் ஒரு பை, ஹாஸ்டல், பஸ், ரயில், இவ்வளவுதான் திட்டம். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம் என்று ஏழு ஊர்களை எழுதி வைத்திருக்கிறோம். இந்தப் பணத்துக்குள் அடங்குமா? பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டான யூரெயில் பாஸ் எடுத்தால் லாபமா? அவள் கறி, மீன் தொட மாட்டாள், முட்டை சாப்பிடுவாள். நான் எல்லாம் சாப்பிடுவேன். அவள் மியூசியத்துக்குள் போனால் வெளியே வரவே மாட்டாள், எனக்குத் தெருத்தெருவாக நடக்க வேண்டும். இருவரும் சேர்ந்து இதுவரை ஊட்டி, கொடைக்கானல் தாண்டியதில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகாற்று:

முதலில் விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்க அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது சிரமம், அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று. ஹாஸ்டல் புக்கிங்கில் இரண்டு பேர் பெயரும் வரவேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் எடுத்தால் மற்றவர் தங்குமிடத்துக்கு என்ன சான்று காட்டுவார்? இலவசமாக ரத்து செய்யக்கூடிய புக்கிங்காகவே எடுங்கள்.

காலாற:

தங்கச்சி, ஏழு ஊர் வேண்டாம், நாலு போதும். ஊர் மாறும் நாளெல்லாம் பாதி நாள் கழிந்துவிடும். காலையில் ஹாஸ்டலைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய், இறங்கிய ஊரில் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு அறை திறக்கும்வரை பையோடு காத்திருந்து... இதை ஆறு தடவை செய்தால் இரண்டு வாரத்தில் என்ன மிஞ்சும்? டிக்கெட் காசும் ஒவ்வொரு தடவையும் போகும். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், வெனிஸ் மூன்றிலும் டார்மில், அதாவது பலர் சேர்ந்து தங்கும் ஹாஸ்டல் அறையில், ஒரு கட்டிலுக்கே உங்கள் அன்றாடப் பணத்தில் பெரும்பகுதி போய்விடும்.

நானும் என் தோழியும் போன வழியைத்தான் உங்களுக்கும் சொல்வேன்: போலந்தில் கிராக்கோவ், செக் நாட்டில் பிராக், ஆஸ்திரியாவில் வியன்னா, ஹங்கேரியில் புடாபெஸ்ட். விமானத்தை மல்டி சிட்டியாகப் போட்டு ஒரு முனையில் இறங்கி மறு முனையில் ஏறுங்கள், வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. பிராகிலிருந்து வியன்னா ரயிலில் சுமார் நாலு மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் மூன்று மணிக்குள். கிராக்கோவ் முதல் பிராக் வரைதான் நீளம், அதற்கு இரவு ரயிலும் உண்டு, ஒரு ராத்திரி கட்டில் காசு மிச்சம். இந்தத் தூரங்களுக்கு யூரெயில் பாஸ் கட்டுப்படியாகாது. ரெஜியோஜெட், ஆஸ்திரிய ரயில்வே, பிளிக்ஸ்பஸ் மூன்றிலும் முன்கூட்டியே தனித்தனி டிக்கெட் எடுப்பதுதான் மலிவு. ஆனால் ரயிலில் ரொம்ப மலிவான டிக்கெட் என்றால் பெரும்பாலும் அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும், தவறவிட்டால் போனது போனதுதான்.

உங்கள் தோழிக்குக் கிராக்கோவ் பிடிக்கும். அங்கே பார் மிலெச்னி என்று பழைய சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, கம்யூனிஸ்ட் காலத்தில் தொழிலாளர்களுக்காகப் பெருகியவை. கறியில்லாத பால், மாவு, காய்கறிப் பதார்த்தங்களுக்கு இன்றும் அரசு மானியம் தருகிறது, அதனால் சைவம் சாப்பிடுகிறவருக்குத்தான் அங்கே விலை ரொம்பக் குறைவு. சந்தைச் சதுக்கத்திலிருந்து வாவெல் கோட்டைக்குப் போகும் குரோட்ஸ்கா தெருவிலேயே ஒன்று இருக்கிறது. சுவரில் பெரிய பட்டியல், பெரும்பாலும் போலிஷில். கல்லாவில் சொல்லிப் பணம் கட்டினால் ஒரு சீட்டுத் தருவார்கள். அதைச் சமையலறை ஜன்னலில் நீட்டினால் ஒரு அம்மா தட்டை நகர்த்தி வைப்பார். சாப்பிட்டதும் தட்டை இன்னொரு ஜன்னலில் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். பக்கத்து மேசையில் பென்ஷன்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இருப்பார்கள். உருளைக்கிழங்கும் தயிர்ப்பாலாடைக் கட்டியும் உள்ளே வைத்த, கொழுக்கட்டை மாதிரியான பியெரோகி ருஸ்கியே வாங்குங்கள். மேலே சில இடங்களில் வதக்கிய பன்றிக் கொழுப்புத் துண்டு தூவுவார்கள், "பெஸ் ஸ்க்வாரெக்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு வார்த்தையையும் தோழி எழுதியே வைத்துக்கொள்ளட்டும்.

அதே சதுக்கத்தில் புனித மேரி தேவாலயக் கோபுரத்திலிருந்து மணிக்கு ஒருமுறை ஒருவர் எக்காளம் ஊதுவார், நாலு திசைக்கும் தனித்தனியாக. ஒவ்வொரு முறையும் ராகம் பாதியில் சட்டென்று நின்றுவிடும். காசில்லாமல் கேட்கலாம், ராத்திரியிலும் உண்டு.

நாஜிகளின் வதைமுகாம் இருந்த அவுஷ்விட்ஸ் போவீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், போங்கள். கிராக்கோவிலிருந்து ஒன்றரை மணி நேரம். வளாகத்துக்குள் போகக் கட்டணமில்லை, வழிகாட்டிக்குத்தான் கட்டணம். இலவசமாகப் போனாலும் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், கோடையில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். முதுகுப் பையை உள்ளே விட மாட்டார்கள், ஹாஸ்டலிலேயே வையுங்கள். அன்று மாலைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசத் தோன்றவில்லை.

பிராகில் சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலை ஆறு மணிக்குப் போனால்தான் பாலம் கண்ணில் படும், பத்து மணிக்குத் தலைகள்தான் தெரியும். 1357இல் கட்டத் தொடங்கிய பாலம் அது. கோட்டைக்கு 22ஆம் எண் டிராம் மேலே ஏறும். வார நாட்களில் பதினொரு மணிக்கு மேல் உள்ளூர் உணவகங்களில் மதியச் சாப்பாட்டுப் பட்டியல் தனியாக இருக்கும், அதே கடையில் இரவில் கொடுப்பதைவிட நன்றாகக் குறையும். பெரிய சாப்பாட்டை மதியம் முடித்துவிட்டு, இரவுக்கு சூப்பர் மார்க்கெட் ரொட்டி, சீஸ், தக்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் "ரூபாயில் கழிக்கவா, உள்ளூர்ப் பணத்தில் கழிக்கவா" என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணம்தான். நாலு ஊருக்கும் நாலு நாணயம்: ஸ்வாட்டி, கொருனா, யூரோ, ஃபோரிந்த். தெருவோரம் பணம் மாற்றிக் கொடுக்கிறேன் என்று வருகிறவரிடம் நிற்கவே வேண்டாம்.

டான்யூப்கரை:

வியன்னாவில் வசிக்கிறேன், இந்த ஊருக்கு மட்டும் சொல்கிறேன். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடியுங்கள். ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து 1873 முதல் குழாய் வழியே வருகிறது. பாட்டில் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஸ்டாட்ஸ்ஓப்பர் என்ற இசைநாடக அரங்கில் நல்ல இருக்கை 200 யூரோவையும் தாண்டும், நின்று பார்க்கும் டிக்கெட்டுக்கு 20 யூரோகூட ஆகாது. உள்ளே போனதும் உங்கள் இடத்துக் கம்பியில் ஒரு கைக்குட்டையோ துப்பட்டாவோ கட்டிவிட்டு வெளியே போய் வரலாம். அந்த இடத்தை யாரும் தொட மாட்டார்கள், இது இங்கே காலங்காலமாக இருக்கும் வழக்கம். ஜூலை, ஆகஸ்ட்டில் நிகழ்ச்சி இருக்காது, மே மாதம் உண்டு. காலில் நல்ல செருப்பு முக்கியம்.

71ஆம் எண் டிராமில் மத்தியக் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள். இசைமேதைகள் பீத்தோவனும் ஷூபெர்ட்டும் பிராம்ஸும் அருகருகே கிடக்கிறார்கள், நுழைவு இலவசம். ஷோன்புருன் அரண்மனைத் தோட்டமும் இலவசம். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் இருப்பது மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

பொன்வண்டு:

ரொம்ப நன்றி. நேற்றிரவே அவளோடு பேசி நாலு ஊருக்கு வந்துவிட்டோம். ரோமைக் கைவிட அவளுக்குத்தான் மனசே இல்லை. அக்கா, இன்னும் இரண்டு சந்தேகம். பணத்தை இருவரும் எப்படி வைத்துக்கொள்வது? அவள் வாய்விட்டுக் கேட்க மாட்டாள், நானோ கணக்குப் பார்க்கும் ஆளில்லை. டார்மில் தங்குவது பயமில்லையே?

காலாற:

முதல் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம், கேட்டது நல்லது. மலிவுப் பயணத்தில் நட்பு கெடுவது பெரிய செலவால் இல்லை, இரண்டு யூரோ, மூன்று யூரோவால். நாங்கள் செய்தது இது. ஒரு ஊருக்குள் நுழைந்ததும் ஆளுக்குச் சமமாகக் கொஞ்சம் பணம் ஒரு சிறிய ஜிப் பர்ஸில் போடுவோம். டிராம், தண்ணீர், கழிப்பறைக் காசு, சூப்பர் மார்க்கெட் எல்லாம் அதிலிருந்து. பர்ஸ் ஒரு ஊரில் அவளிடம், அடுத்த ஊரில் என்னிடம். ஹோட்டல் சாப்பாடு, மியூசியம், வாங்கும் பொருள் இவை அவரவர் காசு. நீங்கள் கறி சாப்பிட்டு அவள் சூப் குடித்த பில்லைச் சமமாகப் பிரிக்காதீர்கள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்றுதான் நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதனால் நீங்கள்தான் முந்திக்கொண்டு பிரிக்க வேண்டும். ஹாஸ்டல், ரயில் போன்ற பெரிய தொகைகளை ஸ்பிளிட்வைஸ் என்ற செலவு பிரிக்கும் செயலியில் அன்றன்றே பதிந்துவிடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு ஊரிலும் ஒரு அரை நாள் பிரிந்து போங்கள். அவள் வியன்னாவில் குன்ஸ்ட்ஹிஸ்டாரிஷஸ் என்ற கலை மியூசியத்துக்குள் மூன்று மணி நேரம் இருக்கட்டும், நீங்கள் நடந்து வாருங்கள். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் காலையிலேயே பேசி வையுங்கள், போன் சார்ஜ் இறங்கினாலும் கவலையில்லை. அப்படிப் பிரிந்து திரும்பிய மாலைகளில்தான் எங்களுக்குப் பேச நிறைய இருந்தது.

புடாபெஸ்ட்டைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நடந்து நடந்து கால் ஓய்ந்திருக்கும்போது செச்செனி வெந்நீர்க் குளியல் வரும். 1913இல் திறந்த மஞ்சள் கட்டடம், திறந்த வெளியில் ஆவி பறக்கும் குளம். விலை கூடுதல்தான், பரவாயில்லை, அதற்கென்று இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். நீச்சல் உடையும் துண்டும் இந்தியாவிலிருந்தே கொண்டு போங்கள், அங்கே வாடகை வேண்டாம். சாப்பாட்டுக்குச் சிறிய மதிய உணவுக் கடைகளில் ஃபோசெலெக் கேளுங்கள். நம் கூட்டு மாதிரி கெட்டியாக இருக்கும், மேலே பொரித்த முட்டை வைத்துத் தருவார்கள். மாலையில் 2ஆம் எண் டிராமில் ஆற்றை ஒட்டிப் பாராளுமன்றம் வரை ஒரு நடை போய்வாருங்கள். டிக்கெட்டை மெஷினில் பதிக்க மறக்க வேண்டாம், சாதாரண உடையில் பரிசோதகர் வருவார். பிராகிலும் வியன்னாவிலும் இதே கதைதான்.

டார்ம் விஷயத்தில் பயம் வேண்டாம். பெண்களுக்கு மட்டுமான அறை பல ஹாஸ்டல்களில் இருக்கிறது, நாலு அல்லது ஆறு கட்டில் உள்ளதாக எடுங்கள். விமர்சனங்களில் பெண்கள் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள், ஸ்டேஷனிலிருந்து ராத்திரி நடந்து வர எப்படி என்று அவர்கள்தான் எழுதுவார்கள். சமையலறை உள்ள இடமா என்றும் பாருங்கள். பாஸ்போர்ட் எப்போதும் உடம்போடு, குளிக்கப் போகும்போது மட்டும் லாக்கரில். லாக்கர் இருக்கும், பூட்டு பெரும்பாலும் இருக்காது. ஆளுக்கொரு நம்பர் பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கம்பி மெலிதானதாக, சில லாக்கர் வளையத்தில் தடித்த பூட்டு நுழையாது.