சேலம் ஏர்போர்ட்டில் பைலட் பயிற்சி: அக்கா பையனைச் சேர்க்கலாமா?

தாரமங்கலத்தான்:
அக்கா பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கணக்கும் இயற்பியலும் உண்டு. பைலட் ஆகணும் என்று ஒரே பிடியாக நிற்கிறான். காமலாபுரத்தில் நம்ம ஏர்போர்ட்டிலேயே பயிற்சி உண்டாமே? பயணிகள் விமானம் அங்கே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அவ்வளவு சின்ன இடத்தில் கற்றுக்கொண்டால் போதுமா, பெரிய ஊருக்கு அனுப்பலாமா? அக்கா நிலத்தை விற்கிற யோசனையில் இருக்கிறாள், அதுதான் பயமாக இருக்கிறது.

ஓமலூர் செல்வம்:
சின்ன இடம் என்பதுதான் நல்லது. ஏடிஆர் பயணிகள் விமானம் இறங்குகிற ஓடுதளம், செஸ்னா மாதிரி சின்னப் பயிற்சி விமானத்துக்குத் தாராளம். ஆரம்பத்தில் பயிற்சியே வட்டமடித்து இறங்குவது, சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி ஏறுவது, இதையே திரும்பத் திரும்பச் செய்வதுதான். பெரிய ஏர்போர்ட்டில் ஜெட்டுக்கு வழிவிட்டே காலை நேரம் போய்விடும். 2022இல் விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கியதும் சேலம், கடப்பா, ஹூப்ளி மாதிரி ஊர்களில்தான்.

பறந்தவன்:
அண்ணா, நான் வேறு மாநிலத்தில் படித்தேன். சிபிஎல், அதாவது பைலட்டாக வேலை பார்க்கிற உரிமம், வாங்க 200 மணி நேரம் பறக்கணும். ஒன்றரை வருடம் என்றார்கள், மூன்று வருடம் ஆனது. ஓடுதளத்தில் குறையே இல்லை, பறக்கிற நிலையில் இருந்த விமானம் இரண்டுதான், நாங்கள் நாற்பது பேர். விடியற்காலையில் போய், இறக்கைக்கு அடியில் சின்னக் குப்பியில் பெட்ரோலைப் பிடித்து, அந்த இளநீலப் பெட்ரோலுக்குக் கீழே தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து முடிப்பேன், அப்புறம் இன்றைக்கு உனக்கு இல்லை என்பார்கள். எத்தனையோ நாள் அப்படியே அறைக்குத் திரும்பினேன். அதனால் எந்த ஊர் என்பதை விட்டுவிட்டு, எத்தனை விமானம் ஓடுகிறது, எத்தனை பயிற்றுநர், இப்போது படிக்கிற பையன் போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தான் என்று அவனிடமே கேளுங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டவே கட்டாதீர்கள்.

மேச்சேரி அக்கா:
தம்பி, எல்லாவற்றுக்கும் முன்னால் மெடிக்கல், பைலட்டுக்கான உடல் தகுதிப் பரிசோதனை. முதலில் இரண்டாம் வகுப்பு மெடிக்கல் சான்றிதழ், சிபிஎல்லுக்கு முதல் வகுப்பு மெடிக்கல் சான்றிதழ். நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அந்தச் சான்றிதழ் கைக்கு வருகிறவரை நிலத்தை விற்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

தாரமங்கலத்தான்:
சரி அக்கா, இந்த வாரமே மெடிக்கலுக்குத் தேதி கேட்கிறேன். அதற்கப்புறம் அவனையே கூட்டிக்கொண்டு காமலாபுரம் போய், அங்கே படிக்கிற பையன்களைப் பார்த்துப் பேசுகிறோம்.