இழை: எஃகுத் தகட்டில் பட்டுத் தெறிப்பதற்கு இரண்டு சொற்கள் வேண்டும் (அவசரம்)

ஆஸ்டின்காரி:

குழுவினருக்கு வணக்கம். ஒரு பக்கத் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டெக்சஸில் ஆஸ்டினுக்குக் கிழக்கே சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கி, ஒரு மூலையில் மண்மேடு போட்டுத் துப்பாக்கிப் பயிற்சிக்கு ஒதுக்கியிருக்கிறோம். (சட்டம் கேட்கப் போகிறவர்களுக்கு: இங்கே நகர எல்லைக்கு வெளியே, மனைப்பிரிவுகளில் 10 ஏக்கர் வரையுள்ள மனைகளில் சுடுவதைத் தடுக்க மாவட்டத்துக்கு அதிகாரம் உண்டு. எங்கள் நிலம் அந்தக் கணக்கில் வராது.) காகித இலக்கு அலுத்துப்போய், பட்டதும் 'டங்' என்று கேட்கும் எஃகுத் தகட்டின்மேல் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்கள் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பதால் அறிக்கை தமிழில் வேண்டும்.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள். ஒன்று, ஈயக்குண்டு வழவழப்பான கெட்டித் தகட்டில் மோதி நொறுங்கி, தகட்டின் முகத்தை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பொடியாகப் பறப்பது. ஒவ்வொரு சூட்டுக்கும் நடப்பதுதான். மற்றது, சுட்டவரை நோக்கியே திரும்பி வருவது. அது நடந்தால் சுடுவதை அப்போதே நிறுத்த வேண்டும். நான் இரண்டையும் 'தெறிக்கும்' என்று எழுதிவிட, மாமியார் வாசித்துவிட்டுக் கேட்டார்: "தெறிக்கும்னும் போட்டிருக்கு, தெறிச்சா நிறுத்துன்னும் போட்டிருக்கு. எதைம்மா செய்யறது?"

காரைக்குடிப் புலவர்:

அன்பு மகளே, தெறிப்புக்கு வருமுன் 'இலக்கு' எதற்கு? அது 'லட்ச'த்தின் வழி வந்தது. நம்மிடம் 'குறி' இருக்கிறது. குறித்தகடு என்க.

'தெறி' என்பது துள்ளல். சங்கப் பாட்டில் 'தெறிநடை மரை' வருகிறதே, அந்த விலங்கு பொடியாகவா போகிறது? முழுதாகத் துள்ளுகிறது. ஆகவே திரும்பி வருவதே 'தெறி'. பொடியாவதற்குச் 'சிதர்' என்ற அழகான சொல் உண்டு. வேலை முடிந்தது.

சேலம் உலோகம்:

புலவர் ஐயா, 'குறித்தகடு' என்று சேர்த்து எழுதினால் 'குறித்த கடு' என்று படிக்கிறேன். அகலமாகப் பிரித்து எழுதினாலும் வேறு விதமாகச் சிரிப்பார்கள், விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். இலக்குத் தகடே இருக்கட்டும்.

தங்கச்சிக்கு: சொல்லைவிடத் தகடு முக்கியம். மலிவு என்று பழைய இரும்புக் கடையில் கிடக்கும் எம்.எஸ். (சாதாரண மென் உருக்கு) தகட்டைத் தூக்கி வராதீர்கள். அதன் கடினம் பிரினெல் அளவில் 120, 150 அளவில்தான் இருக்கும். .22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டாவுக்குத் தாங்கும். ரைஃபிள் குண்டு பட்டால் அம்மை போட்ட முகம்போல் குழி விழும். அந்தக் குழிதான் எமன். அடுத்த குண்டு அதில் விழுந்தால் குழியின் வளைவு துண்டைச் சுழற்றி, வந்த வழியே திருப்பிவிடும். ஏ.ஆர். 500 என்று விற்கும் கெட்டித் தகட்டில் அந்த 500 ஏறக்குறைய பிரினெல் எண். அது குழியாமல் நிற்பதால்தான் குண்டு உடைந்து பக்கவாட்டில் போகிறது. வெல்டு வைத்தாலோ கேஸ் கட்டிங் செய்தாலோ சூடு பட்ட இடம் இளகிவிடும், ஆகவே போல்ட் போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

காசு மிச்சம் பிடிக்க வழி, தகட்டைச் சிறிதாக்குவது. 3/8 அங்குலக் கனத்தில் ஓரடிச் சதுரம் 15 பவுண்டு வரும். அதே கனத்தில் 8 அங்குல வட்டம் ஐந்தரைக்குள் அடங்கும், விலையும் அப்படியே குறையும். சங்கிலிக்குப் பதில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டில், முகம் கொஞ்சம் கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கும்படி தொங்கவிட்டால் பொடியில் பெரும்பகுதி மண்ணுக்குப் போகும்.

அப்புறம், 'எஃகு' வேண்டாம், 'உருக்கு' போடுங்கள். எங்கள் ஊரிலேயே உருக்காலை என்றுதான் பலகை.

காரைக்குடிப் புலவர்:

"செறுநர் செருக்கறுக்கும் எஃகு" என்று வள்ளுவர் சொன்னதை உருக்காலைப் பலகைக்காக விட்டுவிடுவதா?

சேலம் உலோகம்:

ஐயா, அந்தக் குறளில் எஃகு ஆயுதம். நான் சொல்வது உலோகம். நம் பக்கத்துப் பழைய உருக்கை உலகமே வூட்ஸ் என்று பாடம் படித்தது கன்னட 'உக்கு' வழியாக. அது நம் 'உருக்கு'க்கு உடன்பிறப்பு. ஈரோட்டுப் பக்கம் கொடுமணல் அகழாய்வில் பழைய உலை கண்டெடுத்தார்களே, அங்கே வேலை செய்தவன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசியுங்கள்.

டொராண்டோ அண்ணை:

கொடுமணலுக்குப் போனால் வெள்ளிக்கிழமை போய்விடும். தங்கச்சி, எங்கட ஆக்கள் பறக்கிற துண்டைச் 'சன்னம்' என்றுதான் சொல்லுறது. "சன்னம் பட்டது" என்றால் யாழ்ப்பாணத்தில் விளக்கம் கேட்க ஆளில்லை. நிறைய வீடுகளில் அந்தச் சொல் தெரியும், ஏன் தெரியும் என்று இங்கே எழுத விருப்பமில்லை. பொடியாகப் பறப்பது 'தெறிசன்னம்'.

வட்டத் தகட்டுக்கும் ஒரு சொல் தாறன்: சேமக்கலம். மார்கழியில் திருவெம்பாவைக்கு அடிக்கிறது அதுதான். உருவமும் அது, சத்தமும் அது.

சேலம் உலோகம்:

எங்கள் பக்கம் அது சேகண்டி. கொல்லையில் சேகண்டிச் சத்தம் கேட்டால் யார் போனது என்று எட்டிப் பார்ப்பார்கள். பாதுகாப்பு அறிக்கைக்கு நல்ல சகுனம்!

காரைக்குடிப் புலவர்:

இரண்டும் வேண்டாம். குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்துப் பெண்கள் கிளி ஓட்டும் கருவிகள் 'தழலும் தட்டையும் குளிரும்'. தட்டை தட்டினால் ஒலிக்கும். தகடும் தட்டினால் ஒலிக்கும். எஃகுத்தட்டை! மேலும் 'சன்னம்' தெலுங்கு. 'தெறிசன்னம்' என்றால் 'தெறிச்சன்னம்' என்று வலி மிகாதா?

டொராண்டோ அண்ணை:

வினைத்தொகையில் வலி மிகாது, ஐயா. சுடுசோறு. உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

சென்னை மொழிபெயர்ப்பு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நாள் முழுதும் மருந்துப் பெட்டிக்கும் மிக்சிக்கும் எச்சரிக்கை எழுதிப் பிழைக்கிறவன். ஒன்றைக் கவனித்தீர்களா? புலவர் ஐயாவுக்குத் 'தெறி' என்றால் திரும்பி வருவது. அண்ணைக்குத் 'தெறி' என்றால் பொடியாகப் பறப்பது. பாதுகாப்பு அறிக்கையில் ஆபத்தானதற்கும் ஆபத்தில்லாததற்கும் ஒரே சொல்லை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். இருவரில் யார் சரி என்பது எனக்கு வேண்டாம். 'தெறி'யை அந்தப் பக்கத்தில் எங்குமே போடாதீர்கள்.

பொடியாவது 'சிதறல்'. திரும்புவது 'திரும்புகுண்டு'. மாமியாருக்குப் புரிந்தால் போதும்.

காரைக்குடிப் புலவர்:

'திரும்புகுண்டு' கடைத்தெருச் சொல். 'தத்துகணை' எனலாம். குளத்தில் ஓட்டாஞ்சில்லு தத்திப் போவதில்லையா?

டொராண்டோ அண்ணை:

யார் தத்து எடுத்த கணை என்று கேட்பினம்.

சேலம் உலோகம்:

'சிதறல்' சரி. 'திரும்புகுண்டு' தொழில்முறையில் தப்பு. குழி விழுந்த தகட்டிலிருந்து முழுக் குண்டா வருகிறது? பெரும்பாலும் ஒரு துண்டுதான், செப்பு உறையின் கிழிசலாகக்கூட இருக்கும். முழுசாக எகிறி வருவதென்றால் பிள்ளைகளின் பிபி துப்பாக்கி எஃகு மணிதான். அதனால்தான் பிபியை எஃகில் சுடவே கூடாது. துண்டைக் குண்டு என்பதை ஏற்க மாட்டேன்.

ஆஸ்டின்காரி:

எல்லோருக்கும் நன்றி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சிதறலுக்கு எதிர்ப்பில்லை, திரும்புகுண்டுக்கு அரைமனது ஆதரவு. அச்சுக்குப் போகும் பத்தி:

"ஒவ்வொரு சூட்டிலும் தகட்டிலிருந்து சிதறல் பக்கவாட்டில் பறக்கும். எனவே தகட்டுக்குப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்ப்பவர்கள் சுடுபவருக்குப் பின்னால் இருக்க வேண்டும், அவர்களும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 10 கெஜம், ரைஃபிளுக்கு 100 கெஜம் தள்ளி நிற்கவும். எஃகு நுனியுள்ள தோட்டா, கவசம் துளைக்கும் தோட்டா கூடாது. தகட்டில் குழியோ விரிசலோ வளைவோ கண்டால் திரும்புகுண்டு வரும். அந்தத் தகட்டைக் கழற்றிவிடவும். ஈயத்தூள் ஒட்டியிருக்கும், சாப்பிடுமுன் கை கழுவவும்."

'எஃகு' என்றே வைத்துவிட்டேன், சேலம் அண்ணன் கோபிக்கக் கூடாது. மாமியாரிடம் காட்டினேன். சிதறல் புரிந்ததாம். பின்வரிசை நாற்காலியில் இருப்பவருக்கு எதற்குக் கண்ணாடி என்று கேட்கிறார்.

சேலம் உலோகம்:

திரும்புகுண்டுக்குத்தான் கண்ணாடி என்று சொல்லுங்கள். 'திரும்புதுண்டு' என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

காரைக்குடிப் புலவர்:

என் மறுப்பைப் பதிவு செய்க. 'தட்டை'யை யாரும் மறுக்கவே இல்லை, கவனிக்காமல் விட்டீர்கள். நாளை தனி இழை தொடங்குகிறேன்.