சொல் வேண்டும்: கோபுரத்தை விற்று, அதையே குத்தகைக்கு எடுப்பதற்கு

பாடநூல் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கான கணக்கியல் நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். குத்தகை பற்றிய இயல் வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நான்கு நாளாக நிற்கிறேன். ஒரு செல்பேசி நிறுவனம் தன் கோபுரங்களை வேறொரு நிறுவனத்துக்கு விற்கிறது. விற்ற அன்றே அதே கோபுரங்களைப் பல ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறது. கைக்குப் பெருந்தொகை வருகிறது, கடன் குறைகிறது, ஆனால் ஓர் அலைவாங்கிகூட (ஆன்டெனா) இடம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'சேல் அண்ட் லீஸ்பேக்' எனப்படும் இந்தப் பரிமாற்றத்தைத் தமிழில் எப்படி அழைப்பது?

பழைய பதிப்பில் 'விற்பனை மற்றும் திரும்பக் குத்தகை' என்று இருக்கிறது. நடுவில் 'மற்றும்' வந்ததுமே ஒரே ஒப்பந்தம் தொடர்பில்லாத இரண்டு செயல்களாகப் பிளந்துவிடுகிறது. "திரும்பக் குத்தகை என்றால், முன்பே ஒரு முறை குத்தகைக்கு எடுத்திருந்தார்களா?" என்று மாணவி ஒருவர் கேட்டார், என்னால் விடை சொல்ல முடியவில்லை. இப்போதைக்கு 'விற்று மீள்குத்தகை' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

இந்தச் சொல்லைப் புதிதாகப் படைக்க வேண்டியதே இல்லை. ஒப்புரவு அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள்: "ஒப்புரவி னால்வரும் கேடெனின் அஃதொருவன் விற்றுக்கோள் தக்க துடைத்து." பிறர்க்கு உதவுவதால் கேடு வருமானால், தன்னை விற்றாவது அக்கேட்டைக் கொள்ளலாம் என்பது பொருள். விற்றுக் கொள்ளுதல், விற்றுக்கோள். கெடு என்பது கேடு ஆவதும், பெறு என்பது பேறு ஆவதும் போலக் கொள் என்பது கோள் ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர். இரண்டு சொல், ஒரு மூச்சு. விற்பதும் கொள்வதும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கும் இதைவிடப் பொருத்தமான வடிவம் எங்கே கிடைக்கும்?

'குத்தகை' வேற்றுச் சொல் என்று எவரேனும் ஐயுறக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தெலுங்கில் குத்த, கன்னடத்தில் குத்திகெ என்று வழங்குவதால் அது நம் மொழிக் குடும்பத்துச் சொல்லே. குத்துமதிப்பு என்பதில் உள்ள 'குத்து', எண்ணிப் பாராமல் மொத்தமாக மதிப்பதைக் குறிக்கிறது. விளைச்சல் எவ்வளவாயினும் இவ்வளவு தருகிறேன் என்று மொத்தமாகப் பேசி முடிப்பதே குத்தகை என்று கொண்டால், வேரும் விளங்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாடும் விளங்கும். 'கோபுரம்' மட்டும்தான் எனக்கு நெருடுகிறது, 'நெடுங்கம்பம்' எனலாமே.

கணக்காய்வாளர் எழுதியது:

ஐயா அவர்களின் குறட்சான்றை மிகவும் சுவைத்தேன். ஆனால் பாடநூலில் அதை ஏற்க முடியாது. குறளில் ஒருவன் விற்பது தன்னை, கொள்வது கேட்டை. விற்றதும் கொண்டதும் வேறு வேறு. நம் பரிமாற்றத்தில் இரண்டும் ஒன்று. மேலும், 'கொள்' என்பதற்கு விலைக்கு வாங்குதல் என்ற பொருளும் உண்டு; பட்டினப்பாலை வணிகர்கள் "கொள்வதூஉம் மிகைகொளாது" வாழ்ந்தது அந்தப் பொருளில்தான். ஆகவே விற்றுக்கோள் என்றால், விற்ற பொருளையே பின்னர் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் என்றுதான் நிதித்துறையில் படிப்பார்கள். அது வேறு பரிமாற்றம், அதற்கும் ஒரு பெயர் வேண்டும். ஐயாவின் சொல்லை அதற்கே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 'மீள்' என்பதை நான் அதைவிடக் கடுமையாக எதிர்க்கிறேன். குத்தகைகளை ஏட்டில் எழுதும் முறையை வகுக்கும், 2019 சனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரம் 16 (IFRS 16) என்ன சொல்கிறது என்று பாருங்கள். கணக்கேட்டில் 60 கோடி மதிப்புள்ள கோபுரங்களை, அவற்றின் நியாய மதிப்பான 100 கோடிக்கே விற்று, குத்தகைக்கு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இனிமேல் கட்டவேண்டிய குத்தகைத் தொகைகளின் இன்றைய மதிப்பு 75 கோடி. பார்வைக்கு 40 கோடி ஆதாயம். தரமோ 10 கோடியைத்தான் ஆதாயமாகக் காட்ட விடுகிறது. கோபுரத்தின் பயனில் நான்கில் மூன்று பங்கு விற்றவரிடமே நின்றுவிட்டது, கைமாறியது நான்கில் ஒரு பங்கு மட்டுமே என்பது அதன் தர்க்கம். அந்த முக்கால் பங்கு 45 கோடிச் சொத்தாக, பயன்பாட்டு உரிமை என்ற பெயரில், விற்றவரின் ஏட்டிலேயே தொடர்கிறது. போகவே போகாத ஒன்று எப்படி மீளும்? மாணவர் 'மீள்' என்று படித்தால், முழுவதும் போய் முழுவதும் வந்ததாக நினைத்து 40 கோடியையும் ஆதாயத்தில் எழுதுவார். விடைத்தாள்களில் இந்தத் தவற்றை ஆண்டுதோறும் திருத்துகிறேன்.

இன்னொன்று: கைமாற்றம் விற்பனைக்குரிய நிபந்தனைகளை நிறைவு செய்யாவிட்டால் அது விற்பனையே அன்று, வாங்கிய பணம் கடனாகத்தான் ஏட்டில் ஏறும். ஆகவே 'விற்று' என்பதிலும் எச்சரிக்கை வேண்டும்.

கோபுர நிறுவனத்தில் பணியாற்றும் பொறியாளர் எழுதியது:

நீங்கள் எல்லோரும் கோபுரத்தைக் குத்தகைக்கு எடுப்பதாகவே பேசுகிறீர்கள். கைமாறுவது இரும்புச் சட்டகம், அடித்தளம், வேலி, மின்கலங்கள், டீசல் மின்னாக்கி ஆகியவை. அலைவாங்கியும் வானொலிக் கருவிகளும் செல்பேசி நிறுவனத்துடையவையாகவே இருக்கும். அது எடுத்துக்கொள்வது முழுக் கோபுரத்தையும் அன்று. குறிப்பிட்ட உயரத்தில், குறிப்பிட்ட எடையும் காற்றுத் தடையும் உள்ள கருவிகளைப் பொருத்த ஓர் இடம், அவ்வளவே. சென்ற மாதம் ஒரு கோபுரத்தில் 38 மீட்டர் உயரத்தில் இருந்த அலைவாங்கியை அகலமான ஒன்றால் மாற்றக் கேட்டார்கள். சட்டகம் தாங்குமா என்று மறுபடி கணக்கிட்டு, கால்களுக்கு வலுச் சேர்த்து, வாடகையையும் உயர்த்திய பின்பே ஏற்றினோம். ஒரு காலத்தில் அது அவர்களுடைய சொந்தக் கோபுரம். எஞ்சிய உயரத்தில் இன்னொரு நிறுவனத்தின் கருவிகள் ஏறும்போதுதான் வாங்கியவருக்கு இலாபம் வருகிறது.

பெயருக்கு விற்பனை என்றாலும் உரிமை எப்போதும் மாறிவிடுவதில்லை என்பதற்குத் தெரிந்த சான்று உண்டு. 2012இல் அமெரிக்காவின் டி-மொபைல் ஏறத்தாழ 7,200 கோபுரங்களை 240 கோடி டாலருக்குக் கிரவுன் காசில் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாங்கியவர் பெற்றது சராசரியாக 28 ஆண்டுகள் வாடகைக்கு விடும் உரிமைதான். கைக்கு மொத்தத் தொகை, குறித்த காலத்துக்குப் பொருள் அடுத்தவரிடம்: இது விற்பனையைவிடப் போக்கியத்துக்கு நெருக்கமானது. தமிழாசிரியர் ஐயாவுக்கு, போக்கியத்தைக் குறிக்கும் 'ஒற்றி' என்ற சொல் நினைவுக்கு வராதது எனக்கு வியப்பு.

மொழிபெயர்ப்பாளர் மீண்டும்:

மூவருக்கும் நன்றி. பொறியாளர் அம்மா சொன்ன ஒற்றியை ஓர் இரவு முழுவதும் எண்ணிப் பார்த்தேன். ஒற்றியில் பொருள் கடைசியில் உரியவரிடம் வந்தாக வேண்டும். எல்லாக் கோபுர ஒப்பந்தங்களும் அப்படி இல்லை. பாடம் பொது இலக்கணத்தைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒன்று தோன்றியது. தமிழில் யாரும் வெறுமனே 'குத்தகை செய்வதில்லை'. உடையவர் குத்தகைக்கு விடுகிறார், மற்றவர் குத்தகைக்கு எடுக்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்பதை 'விடு', 'எடு' என்னும் இரண்டு வினைகளே சொல்லிவிடுகின்றன, முன்னொட்டு எதற்கு? 'விற்றதைக் குத்தகைக்கு எடுத்தல்' என்று எழுதினால், எதை எடுக்கிறார் என்பதை 'விற்றதை' என்ற இரண்டாம் வேற்றுமையே காட்டுகிறது. அந்த மாணவியின் கேள்வி எழவே எழாது. தலைப்புக்குச் சுருங்கிய வடிவம் வேண்டுமானால் 'விற்றெடுகுத்தகை'. 'எடுகுத்தகை' ஊறுகாய் போல வினைத்தொகை. அதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால் 'வாங்கிவிடுகுத்தகை'. ஆட்கள் முறையே விற்றெடுப்பவர், வாங்கிவிடுபவர்.

தமிழாசிரியர்:

விற்றெடுகுத்தகையை மகிழ்ந்து ஏற்கிறேன். ஆனால் 'வாங்கிவிடுபவர்' கூடாது. 'வந்துவிடு', 'போய்விடு' என்பவற்றில் 'விடு' துணைவினையாக வருவதுபோல, இதையும் எப்படியாவது வாங்கியே தீர்பவர் என்றுதான் எவரும் படிப்பார்கள். இடைவெளி விட்டு எழுதினாலும் தீராது.

கணக்காய்வாளர்:

அந்தக் குறை உண்மைதான். 'வாங்கிக் குத்தகை விடுபவர்' என்று நீட்டி எழுதுங்கள். விற்றெடுகுத்தகைக்கு என் வாக்கு உண்டு. 'மீள்' இல்லாத எதற்கும் உண்டு.

மொழிபெயர்ப்பாளர், ஞாயிறு இரவு:

பாடக்குழு 'விற்றெடுகுத்தகை' யாருக்கும் புரியாது என்று கருதுகிறது. வேறு இரண்டு நூல்களில் ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டதால் தலைப்பு 'விற்று மீள்குத்தகை' என்றே இருக்க வேண்டுமாம். நம் இழையில் கருத்துச் சொன்ன ஏழு பேரில் நால்வர், விரும்பாவிட்டாலும், அதற்கே ஒப்பினார்கள். தலைப்பை அப்படியே விட்டு, இயலின் உள்ளே முதல் வரியாக 'விற்றதைக் குத்தகைக்கு எடுத்தல்' என்ற விளக்கத்தைச் சேர்த்திருக்கிறேன். கணக்காய்வாளரின் 60, 100, 75 கணக்கும் அடுத்த பத்தியிலேயே வருகிறது. 'கோபுரம்' கோபுரமாகவே நிற்கிறது.

கணக்காய்வாளர்:

கணக்கைச் சேர்த்ததற்கு நன்றி. தலைப்பு குறித்த என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்; அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.

பொறியாளர்:

உயரத்தில் எடுக்கும் அந்த இடத்துக்கு இன்னும் பெயர் இல்லை. அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.