மெய் அட்டவணை (கூற்றுகள் மெய்யாகவும் பொய்யாகவும் இருக்கும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் முழு வாக்கியம் மெய்யா பொய்யா என்று வரிசை வரிசையாகக் காட்டும் அட்டவணை) உங்களுக்கு எங்கே பிடிபட்டது? அனுபவம் சொல்லுங்கள்

காரைக்குடி டியூஷன் டீச்சர்:
'மற்றும்', 'அல்லது', 'இல்லை' மூன்றுக்கும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அட்டவணை போட்டுவிடுவார்கள். 'என்றால்' வந்ததும்தான் சண்டை. "முதல் கூற்றே பொய். அப்புறம் முழுசும் எப்படி டீச்சர் மெய்யாகும்?" வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

நம்ம ஊரில் உதாரணத்துக்கா பஞ்சம்? நகரத்தாருக்கு (செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு) ஒன்பது கோயில்; ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒன்றைச் சேர்ந்தது, ஒரே கோயிலுக்குள் கல்யாணம் செய்வதில்லை. "ஒரே கோயில் என்றால் கல்யாணம் இல்லை" என்று போர்டில் எழுதினேன். (உட்பிரிவுக் கணக்கை இங்கே இழுக்காதீர்கள், விடிந்துவிடும்.) இந்த விதி எப்போது மீறப்படுகிறது? ஒரே கோயிலாக இருந்தும் கல்யாணம் நடந்தால் மட்டும்தான். அந்த ஒரு வரிசைதான் பொய். மாப்பிள்ளை மாத்தூர் கோயில், பெண் இரணியூர் கோயில் என்றால் கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் விதிக்குச் சேதமில்லை. இரண்டு வரிசையும் மெய்.

உடனே ஒருத்தி, "அப்ப வேற கோயில்னா கல்யாணம் உறுதிதானே?" என்றாள். ஜாதகம் யார் பார்ப்பது, சீர் யார் பேசுவது! விதி அதைச் சொல்லவே இல்லை. ஆனால் "இவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, அப்படியானால் கோயில் வேறு" என்பது சரி. அதற்கும் மூல விதிக்கும் அட்டவணையில் ஒரே விடை. பந்தியில் உட்கார்ந்தபடியே என் அப்பத்தா இதைச் சொல்லிவிடுவார்.

தேவகோட்டை வயர்மேன்:
எனக்குப் பாடம் டூ வே சுவிட்சில். முகப்பில் ஒன்று, வளவைத் தாண்டி இரண்டாம் கட்டில் ஒன்று, நடுவில் ஒரே விளக்கு. நான் கட்டிய வீட்டில் இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் விளக்கு எரியாது, மாறியிருந்தால் எரியும். 'இதுவோ அதுவோ, இரண்டும் அல்ல' என்கிற அல்லது இதுதான். இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் ஓடும் ஜோடி ஒயரை ஒரு முனையில் மட்டும் மாற்றிக் கட்டினால் அப்படியே தலைகீழ்: இரண்டும் ஒத்திருந்தால்தான் எரியும். டீச்சர் பாஷையில் இருநிபந்தனை. வீட்டுக்காரர், "எது மேல இருந்தா ஆஃப்புப்பா?" என்று கேட்பார். ஒரு சுவிட்சை மட்டும் பார்த்து எப்படிச் சொல்வது?

பழைய லாஜிக் மாணவன்:
இந்த அட்டவணையை 1921இல் தத்துவவாதி விட்கென்ஸ்டைனும் கணித அறிஞர் எமில் போஸ்ட்டும் தனித்தனியாக வெளியிட்டார்கள். வயர்மேன் அண்ணே, மாடியில் மூன்றாவது சுவிட்ச் போட்டால்?

தேவகோட்டை வயர்மேன்:
நடுவில் இன்டர்மீடியட் சுவிட்ச் (அந்த ஜோடி ஒயரை நேராகவோ மாற்றியோ இணைக்கிற சுவிட்ச்) போடணும் தம்பி. அட்டவணையில் எட்டு வரிசை வரும். ஒயருக்குக் காசும் கூடும்.